பழைய படங்களும் பெயர்களும்: கணினியில் காக்கும் முறை



குடும்பங்களிடம் உள்ள பழைய புகைப்படங்களையும் பத்திரங்களையும் நமது டிரஸ்ட் அலுவலகத்தில் ஸ்கேன் செய்து தருவதை வாசகர்கள் அறிவீர்கள். அந்தப் பணியில் எங்களால் நேர்ந்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். பாடம் அதிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தார் டிரங்குப் பெட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டுவந்தார்கள். ஆவாரம்பட்டைத் தொட்டிகளின் ஓரம் நிற்கும் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள், சென்னை பெரியமேட்டுக்குச் சரக்கு ஏற்றும் லாரி, மதரஸா ஆண்டு விழா, நிக்காஹ் சபை என்று பலவும் இருந்தன. 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, நம் பகுதி முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் மாறியது. அதற்கு முந்தைய காலத்தை இன்றைய பிள்ளைகள் இத்தகைய படங்களில்தான் பார்க்க முடியும்.

அந்தக் குடும்பத்தின் மூத்தவர் எண்பது வயதைக் கடந்தவர். மூன்று நாள் அஸருக்குப் பிறகு வந்து உட்கார்ந்தார். "இவர் இன்னார் மகன், இது இன்னார் ஷாப்பு" என்று அவர் சொல்லச் சொல்ல, நமது தன்னார்வப் பிள்ளைகள் கணினியில் தட்டினார்கள். சில மாதங்கள் கழித்து அந்தக் கணினி பழுதாகும் நிலைக்கு வந்தது. படங்கள் இருந்த ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு, கணினியை முழுவதும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டோம். பிறகு திறந்து பார்த்தால் படங்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. பெயர்களில் ஒன்றுகூட இல்லை. அதற்குள் அந்தப் பெரியவரும் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பிழை மென்பொருளுடையது அல்ல, எங்களுடையது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கையாண்டோம்.

கேட்லாக் என்றால் என்ன?

படங்களை அடுக்கவும் திருத்தவும் லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கட்டணமின்றிக் கிடைப்பது டிஜிகாம். இரண்டிலும் அடிப்படை ஒன்றே. படத்தைச் சேர்க்கும்போது அது மென்பொருளுக்குள் போய் உட்காருவதில்லை. படம் தன் ஃபோல்டரிலேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, யார் படம், என்ன திருத்தம் செய்தோம் என்ற விவரங்கள் தனியாக ஒரு கோப்பில் பதிவாகின்றன. லைட்ரூமில் அதற்குக் கேட்லாக் என்று பெயர். டிஜிகாமில் டேட்டாபேஸ் என்பார்கள்.

ஜமாஅத்தின் தலைக்கட்டுப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணும் குடும்பத்தார் பெயரும் பதிவேட்டில் இருக்கும். குடும்பம் வீட்டில் இருக்கும். சொல்லாமல் வீடு மாறிவிட்டால் சந்தா வசூலிக்கப் போகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். பதிவேடே தொலைந்துபோனால் வீடுகள் இருக்கும், யார் எந்த வீடு என்பது தெரியாது. எங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. படங்களைக் காப்பாற்றினோம், பதிவேட்டை அழித்துவிட்டோம்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் ஃபோல்டரை ஒழுங்கு செய்யுங்கள். படங்களை மென்பொருளில் சேர்க்கும் முன்பே குடும்பம், ஆண்டு என்ற வரிசையில் ஃபோல்டர்களை அமைத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும். பிறகு ஊர், வரிசை எண். ஆண்டு முன்னால் இருந்தால் எந்தக் கணினியிலும் காலவரிசையில் நிற்கும்.

2. சேர்த்த பிறகு வெளியிலிருந்து நகர்த்தாதீர்கள். பெயர் மாற்றுவது, வேறு ஃபோல்டருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் அந்த மென்பொருளுக்குள் இருந்தே செய்ய வேண்டும். வெளியே மாற்றினால் லைட்ரூமில் ஃபோல்டர்மேல் கேள்விக்குறியும் படத்தின்மேல் ஆச்சரியக்குறியும் தோன்றும். பதற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். அந்த ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்து, புதிய இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும்.

3. பெயர்களைப் படத்துக்குள்ளேயும் எழுதுங்கள். இதுதான் நாங்கள் செய்யத் தவறியது. லைட்ரூமில் விளக்கம் தட்டிய பிறகு படங்களைத் தேர்ந்து கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், ஜேபெக், டிஃப் வகைப் படங்களில் அந்த விவரம் கோப்புக்குள்ளேயே பதிவாகும். டிஜிகாமில் மெட்டாடேட்டா அமைப்பில் இதற்கான தேர்வுகள் உண்டு. இதன் பிறகு கேட்லாக் போனாலும் பெயர் படத்தோடு இருக்கும். சனது இல்லாத அறிவிப்பை ஆலிம்கள் ஏற்கத் தயங்குவதைப்போல, பெயரில்லாத படத்தையும் நாளை யாரும் உரிமையோடு எடுத்துச் சொல்ல முடியாது.

4. தமிழில் தட்டும்போது யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் வேறு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். உருதுவும் யூனிகோடில் எழுதலாம்.

5. தேதியைத் திருத்துங்கள். ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேன் செய்த நாளே பதிவாகியிருக்கலாம். 1962 நிக்காஹ் படம் இந்த ஆண்டுக் கணக்கில் போய் நிற்கும். லைட்ரூமில் 'எடிட் கேப்சர் டைம்' மூலம் மாற்றலாம். ஆண்டு உறுதியில்லை என்றால் விளக்கத்தில் "சுமார்" என்று எழுதுங்கள். ஊகத்தை உறுதியான தகவலாக எழுத வேண்டாம்.

6. ஒரே படத்தைப் பல இடங்களில் நகல் எடுக்காதீர்கள். ஒரு படம் 'மதரஸா' என்ற தலைப்பிலும் 'தாதா' என்ற தலைப்பிலும் வர வேண்டுமானால் இரண்டையும் குறிச்சொற்களாக இட்டால் போதும். லைட்ரூமின் கலெக்ஷன் வசதியும் இதற்கு உதவும். ஆனால் கலெக்ஷன் பிரிவுகள் கேட்லாக்கில் மட்டுமே இருக்கும், படத்துக்குள் போகாது.

7. இரண்டையும் நகல் எடுங்கள். லைட்ரூமை மூடும்போது 'பேக்கப்' கேட்கும். அது கேட்லாக்கின் நகல் மட்டுமே, படங்களின் நகல் அல்ல. படங்களுக்கும் கேட்லாக்குக்கும் சேர்த்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றொன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 25 எம்பி ஆகும். ஆயிரம் படங்கள் 25 ஜிபி அளவுதான். இடம் ஒரு தடையே இல்லை.

8. வாட்ஸ்அப்பை நம்பி இருக்காதீர்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு உள்ளே எழுதிய விவரங்களும் நீங்கிவிடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

வீட்டுப் பெண்களின் படங்கள்

இதுபற்றிப் பல தாய்மார்கள் கேட்டார்கள். நியாயமான கவலை. அத்தகைய படங்களை டிரஸ்ட் கணினிக்குக் கொண்டுவரவே வேண்டாம். வீட்டிலேயே ஸ்கேன் செய்து, தனி ஹார்ட் டிஸ்க்கில், தனி கேட்லாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்லாக்கைப் பிரிப்பது மட்டும் பூட்டு ஆகாது. டிஸ்க் உங்கள் பீரோவில் இருப்பதே பாதுகாப்பு. முறையைக் கற்றுத்தருவதோடு எங்கள் பணி முடிந்தது.

இந்த வேலையைப் பெரிய நிறுவனங்களும் பொருட்படுத்திச் செய்கின்றன. தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களை, பிரிட்டிஷ் லைப்ரரியின் ஆவணக் காப்புத் திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டல் செய்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் படங்களோடு அவற்றின் விவரப் பட்டியலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது விதி. நாமும் பெயர், ஆண்டு, இடம், சொன்னவர் யார் என்ற நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நல்லது. மின்சாரம் இல்லாமலும் படிக்கக்கூடிய கேட்லாக் அது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி குர்ஆன் (2:282) நமக்குக் கற்றுத்தருகிறது. பெரியவர்கள் நம்மிடம் சொல்லிச் சென்ற பெயர்களும் ஒருவகையில் அமானத்தே. வீட்டில் மூத்தவர்கள் இருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பத்துப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு முதலில் நோட்டில் எழுதுங்கள். கணினி வேலையை அடுத்த வாரம் செய்யலாம். தெரியாதவர்கள் அந்த நோட்டோடு அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உட்கார்ந்து கற்றுத்தருகிறோம்.

நாங்கள் இழந்த பெயர்களில் சிலவற்றை அந்தக் குடும்பத்தின் மற்ற உறவினர்களிடம் கேட்டு மீட்டிருக்கிறோம். மற்றவை கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். வேறு எந்தக் குடும்பத்துக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதினோம்.