கலே ஆடிய கோப்பை



வாசகரே, உங்கள் கடிதம் கிடைத்தது. "லீக்கில் 34 ஆட்டம் ஆடி ஜெயிப்பதுதான் ஜெயிப்பு. நாக்அவுட் கோப்பை என்பது லாட்டரிச் சீட்டு. ஒரு நாள் கூத்தைப் பார்த்து எதற்கு இத்தனை பரவசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதியை மறுக்க ஒரே ஒரு பருவம் போதும்: 1999-2000 பிரெஞ்சுக் கோப்பை.

முதலில் அந்தக் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம். முதல் உலகப் போரில் மாண்ட ஷார்ல் சிமோன் என்ற விளையாட்டு நிர்வாகியின் நினைவாக 1917-18இல் தொடங்கியது. கிராமத்து அணி முதல் பாரிஸின் பெரிய அணி வரை ஆயிரக்கணக்கான அணிகள் இதில் பெயர் கொடுக்கின்றன. முதல் டிவிஷன் அணிகள் கடைசி 64 அணிகளின் சுற்றில்தான் உள்ளே வருகின்றன. யாரோடு யார் என்பது குலுக்கல். இங்கிலாந்துக் கோப்பையில் இல்லாத ஒரு விதி இங்கே உண்டு: எதிரணியைவிட இரண்டு நிலையோ அதற்கு மேலோ கீழே இருக்கும் அணிக்குச் சொந்த மைதானம். பணக்கார அணிதான் பஸ் ஏறி வர வேண்டும்.

கலே, ஆங்கிலக் கால்வாயின் கரையில் உள்ள துறைமுக நகரம். அதன் அணி அப்போது நான்காம் நிலையில் ஆடியது. ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். துறைமுகத் தொழிலாளி, ஆசிரியர், அலுவலக எழுத்தர் என்று. வேலை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருவார்கள். பயிற்சியாளர் லாடிஸ்லாஸ் லோசானோ.

64 அணிகளின் சுற்றில் அவர்களுக்கு வாய்த்தது லீல். அந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனை வென்ற அணி அது. சமனில் முடிந்து, பெனால்டியில் கலே ஜெயித்தது. ஒரு சுற்று தாண்டி, பதினாறு அணிகளின் சுற்றில் கான், அதுவும் இரண்டாம் டிவிஷன், அதுவும் பெனால்டி. உங்கள் லாட்டரி வாதம் இந்த இரண்டு ஆட்டங்களுக்குப் பொருந்தும், மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த இரண்டைப் பாருங்கள்.

காலிறுதியில் முதல் டிவிஷன் ஸ்ட்ராஸ்பூர்க். கலேயின் மைதானம் சிறியது என்பதால் ஆட்டம் லான்ஸ் நகரில் நடந்தது. முதல் கோலை வாங்கியது கலேதான். பிறகு திருப்பி இரண்டு அடித்து 2-1 என்று ஜெயித்தது, பெனால்டி வரை போகாமலே. அரையிறுதியில், மறுபடி லான்ஸிலேயே, போர்தோ. போர்தோ 1999இன் லீக் சாம்பியன். நீங்கள் மதிக்கும் அதே 34 ஆட்டங்களில் முதலிடம் பிடித்தவர்கள். 90 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் கலே ஒன்று அடித்தது, போர்தோ சமன் செய்தது. இப்படிப்பட்ட இடத்தில் சிறிய அணியின் கால்கள் சோர்ந்து, பெரிய அணி மேலேறுவதுதான் வழக்கம். அன்று நடந்தது நேர்மாறு. கலே மேலும் இரண்டு அடித்தது. 3-1. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் 120 நிமிடம் ஓடிய பிறகும் முழுநேர ஆட்டக்காரர்களைவிடத் தெம்பாக இருந்ததை எந்தக் குலுக்கலின் கணக்கில் எழுதுவீர்கள்?

2000 மே 7, பாரிஸுக்கு அருகே ஸ்டாத் தெ பிரான்ஸ். பார்க்க வந்தவர்கள் 75,000-க்கும் மேல். கலே நகரின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். நான்காம் நிலை அணி ஒன்று அதற்குமுன் இறுதிவரை வந்ததே இல்லை. எதிரே நான்த். கோப்பை ஏற்கெனவே அவர்கள் கையில். ஆனால் லீக்கில் அந்த ஆண்டு தரமிறக்கத்தின் விளிம்பில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாதியில் ஜெரோம் டியூதித்ர் கலேவுக்காகக் கோல் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு அந்துவான் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். இவர் லீலில் பிறந்தவர், அதாவது கலேயைப் போலவே வடக்கத்திக்காரர். கடைசி நிமிடத்தில் நான்த்துக்கு ஒரு பெனால்டி. இன்றும் சர்ச்சைக்குள்ளாகும் பெனால்டி. அதையும் சிபியெர்ஸ்கியே அடித்தார். 2-1. அதிர்ஷ்டம் இரண்டு சுற்றில் கலேவுக்குக் கொடுத்ததை வட்டியோடு வசூலித்த நிமிடம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்த் கேப்டன், கோல்கீப்பர் மிக்கேல் லாந்த்ரோ, கலே கேப்டன் ரெஜினால்ட் பெக்கை அழைத்தார். இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். லாந்த்ரோவுக்கு அப்போது வயது 20. தோற்றவனைத் தட்டிக்கொடுப்பது எளிது. தன் கைக்கு வந்த கோப்பையில் அவனுக்கும் ஒரு பிடி கொடுப்பது அபூர்வம்.

லீக் உண்மையைச் சொல்கிறது, கோப்பை பொய் சொல்கிறது என்ற உங்கள் கணக்குக்கு அடுத்த பருவமே இன்னொரு இடி. 2000-01இல் நான்த் லீக் சாம்பியன். கலேயிடம் தோற்ற ஸ்ட்ராஸ்பூர்க் அதே பருவத்தில் கோப்பையை வென்றது, லீக்கில் தரமிறங்கியது. ஒரே அணி, ஒரே வருடம், இரண்டு தீர்ப்பு. லீக்கில் ஒரு அணி தன் நிலையில் உள்ளவர்களோடு மட்டும்தான் மோதுகிறது. கீழே இருப்பவன் எவ்வளவு தேறியவன் என்று அது கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு போட்டி வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

கோப்பையால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டம் ஒரு பருவத்துப் புகழைத்தான் கொடுத்தது, நிலையான வருமானத்தை அல்ல. 2008இல் கலேயில் 12,000 பேர் அமரும் புது அரங்கம் திறந்தார்கள். அந்தப் பருவத்தின் நினைவாகக் 'காவிய அரங்கம்' என்று பெயரும் வைத்தார்கள். ஆனாலும் கிளப்பின் கடன் தீரவில்லை. 2017இல் கிளப் கலைக்கப்பட்டது. அரங்கம் மட்டும் நிற்கிறது. கோப்பையின் குறை என்று நீங்கள் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான், அதிர்ஷ்டத்தை அல்ல.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கலாம். பிரெஞ்சுக் கோப்பையில் கடல் கடந்த பகுதிகளின் அணிகளும் ஆடுகின்றன. இந்தியப் பெருங்கடலில், நம்மவர்களின் வழித்தோன்றல்கள் ஏராளமாக வாழும் ரீயூனியன் தீவிலிருந்து, 2020 ஜனவரியில் சேன் பியர் அணி 9,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய், இரண்டாம் டிவிஷன் நியோரை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தியது.

அடுத்த முறை இந்தக் கோப்பையை இறுதி ஆட்டத்தில் மட்டும் பார்க்காதீர்கள். இறுதியில் பெரும்பாலும் பெரிய அணிகள்தான் மிஞ்சும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும் 64 அணிகளின் சுற்றில் ஒரே ஒரு ஆட்டத்தை, நீங்கள் பெயரே கேள்விப்படாத ஊரின் மைதானத்தில் நடப்பதாகத் தேடிப் பிடித்து, முழுதாகப் பாருங்கள். அதன் பிறகும் லாட்டரி என்று தோன்றினால் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.