கடைசல் பட்டறைப் பாடம்: எதைக் கடையலாம், எதைக் கடையக் கூடாது?



நம் பிள்ளைகள் பலர் கார் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகுகிறார்கள். என்ஜினை இறக்கிப் பிரித்துச் சேர்க்கும் வேலையில், கடையில் கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்துகொள்ளத் தெரிந்தவனுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் எதைக் கடையக் கூடாது என்று தெரியாதவனால் பிறர் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

பழைய அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. சிலிண்டர் போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அந்தக் கார் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனது. வண்டிகள் ஓடுகின்றன, சாமானுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது.

கிளட்ச் பிளேட்டை மையப்படுத்தும் கம்பி

எங்கள் வீட்டு அம்பாசிடரின் என்ஜின் வேலை முடிந்து கியர்பாக்ஸை ஏற்றியபோது அது உள்ளே போகவே இல்லை. மூன்று பேர் மதியம் வரை தள்ளினோம். கிளட்ச் பிளேட் மையம் விலகியிருந்தது. தள்ளிய தள்ளலில் புது பிளேட் வளைந்து வீணானது. ஒரு சாண் இரும்புக் கம்பி இருந்திருந்தால் அந்த நஷ்டம் வந்திருக்காது. செய்முறை இதுதான்:

1. கிராங்க் ஷாஃப்ட் பின்முனையிலுள்ள பைலட் புஷ்ஷின் உள்விட்டத்தையும், கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் எதிரெதிர்ப் பல் முனைகளுக்கு இடையேயுள்ள அளவையும் வெர்னியரில் எடுங்கள். மூன்று முறை அளந்து ஒரே அளவு வந்தால் நம்புங்கள்.

2. எம்.எஸ். ராடை சக்கில் பிடித்து ஃபேஸிங் செய்யுங்கள். பிளேட் துளைக்கு 0.1 மி.மீ. குறைவாக ஒரு படி, நுனியில் புஷ்ஷுக்கு 0.05 மி.மீ. குறைவாக இன்னொரு படி கடையுங்கள். இரண்டையும் ஒரே பிடிப்பில் முடிக்க வேண்டும். கழற்றி மாட்டினால் மையம் தவறும்.

3. பிளேட்டை வைத்து, கம்பியைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். முடிவில் கம்பி கையோடு வழுக்கி வர வேண்டும்.

வால்வ் கைடு பஞ்ச்

இதுவும் இரண்டு படி உள்ள கம்பிதான். நுனி, கைடின் உள்ளே தளர்வாக நுழைய வேண்டும். தோள்பகுதி, கைடின் வெளிவிட்டத்தைவிட அரை மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும். பெரியதானால் சிலிண்டர் ஹெட்டின் துளை கீறிப்போகும்.

பைலட் புஷ்

இதை கன்மெட்டலில் கடைந்து போடலாம். தேய்ந்த பழைய புஷ்ஷை அளந்து ஏமாறாதீர்கள். வெளி அளவுக்கு அது உட்காரும் துளையையும், உள் அளவுக்கு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையையும் அளக்க வேண்டும். இறுக்கமாக அடித்து ஏற்றும்போது உள்துளை சற்றுச் சுருங்கும். ஏற்றிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

கடையக் கூடாதவை

கனெக்டிங் ராடு போல்ட், பிளைவீல் போல்ட், பேரிங் ஷெல், பிஸ்டன் ரிங், பிரேக், ஸ்டியரிங் சாமான்கள். கனெக்டிங் ராடு போல்ட் தனி ரக எஃகில் செய்து சூடேற்றிப் பதப்படுத்தியது. சாதாரண ராடில் கடைந்த போல்ட் கண்ணுக்கு அதே மாதிரிதான் தெரியும். ஓட்டத்தில் அறுந்தால் ராடு என்ஜின் பிளாக்கையே துளைத்து வெளியே வரும். பேரிங் ஷெல்லோ இரும்பு முதுகின் மேல் மெல்லிய மென்உலோகப் பூச்சு உடையது. லேத்தில் அதைச் செய்ய முடியாது.

இரண்டு கடமைகள்

ஒன்று, பாதுகாப்பு. தொங்கும் கை, துண்டு, கையுறை எதுவும் லேத் பக்கம் வேண்டாம். கண்ணாடி அணியுங்கள். சக்கில் சாவியை விட்டுவிட்டு மெஷினை ஓட்டாதீர்கள்.

இரண்டு, நாணயம். பட்டறைக்கு வந்த வண்டி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கடைந்து போட்ட சாமானை 'கம்பெனி சாமான்' என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது. எது கடைந்தது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். ஏற்கனவே பட்டறையில் இருப்பவர்கள், உஸ்தாதின் அனுமதியோடு, முதலில் அந்த மையக் கம்பியைக் கடைந்து பழகுங்கள். அளவு தவறினாலும் ஒரு துண்டு இரும்புதான் நஷ்டம்.