இரைச்சலா? இசையா?

அண்ணன் ஒரு பாடலை ஒலிக்க விட்டபோது, “ஐயோ, என்ன இரைச்சல்!” என்று காதைப் பொத்திக் கொண்டேன். கூர்ந்து கேட்டபோதோ, அந்த இடிமுழக்கத்தினுள் வயலின்களும் பாடகர் குழுவும் ஒலிப்பதை அறிந்து வியந்தேன்.

அது 1990-ம் ஆண்டு கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் தோன்றிய ‘செப்டிக்ஃபிளெஷ்’ குழு. ‘டெத் மெட்டல்’ என்னும் கடும் இசை இவர்களுடையது. மின்கித்தார் கரகரக்கும், டிரம் படபடக்கும், பாடகர் உறுமுவார். கித்தார் கலைஞர் கிறிஸ்டோஸ் அன்டோனியூ லண்டனில் மேலைநாட்டு இசையமைப்பை முறையாகக் கற்றவர். 2008-ல் வெளிவந்த இவர்களது இசைத்தொகுப்பில் பிராக் நகர வாத்தியக் குழு ஒன்றும் வாசித்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்கித்தாரின் ஒலியைக் கருவி பெருக்கித் தரும். வயலினுக்கோ அதன் மரக்கூடே துணை. இரண்டும் ஒரே சுருதியில் ஒரே வேளையில் ஒலித்தால் வயலின் மூழ்கிவிடும். ஆகவே யார் எங்கே முழங்குவது, யார் எங்கே அடங்குவது என்பதை இசையமைப்பாளர் முன்னரே குறியீட்டில் எழுதிவிட வேண்டும். ஒலிப்பதிவில் ஒவ்வொன்றின் அளவையும் பின்னர் திருத்தலாம். மேடையில் அது கடினம். ஆயினும் 2019-ல் மெக்ஸிகோ நகரில் வாத்தியக் குழுவோடும் பாடகர் குழுவோடும் மேடையேறி அதைச் சாதித்தனர்.

அந்த உறுமல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கற்றேன். பள்ளிப் பாடகர் குழுவில், “உன் குரல் மட்டும்தான் கேட்கிறது” என்று சிஸ்டர் கடிந்தபோது, நன்றாகப் பாடியும் திட்டுகிறாரே என்று வருந்தினேன். இப்போது, அருகில் நிற்கும் தோழியின் குரல் என் காதில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே பாடுகிறேன்.