பணியாளர் பயிற்சி: மார்த்தாண்டம் காட்டிய வழி

நமது சங்க உறுப்பினர்களில் கடை, உணவகம், அச்சகம் நடத்துவோர் பலர். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் பொறுப்பேற்றிருப்போரும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான மனக்குறை ஒன்று: "ஆட்கள் வருகிறார்கள், வேலையும் செய்கிறார்கள், ஆனால் மனம் ஒட்டிச் செய்வதில்லை." பயிற்சி நாள் வைத்தால் சரியாகும் என்று ஒருவரை வரவழைத்துப் பேசச் சொல்கிறோம். மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ், குழுப் படம். திங்கட்கிழமை எல்லாம் பழையபடியே.

இதற்கு வழி தேட வெளியே போக வேண்டியதில்லை. திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்க்காரர்கள் அடிக்கடி போய்வரும் மார்த்தாண்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகாவுடன் அது சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரண்டும் ஒரே திருவிதாங்கூர். அந்தக் காலத்தில், 1920களில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்பு மையம் நடத்தினார். ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணிக்கு முன்னோடியாக இருந்தவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஊர் ஊராகப் போய் வேலை செய்ய மையத்திற்கு ஆட்கள் வேண்டும். பெரிய சம்பளம் கொடுக்கப் பணமில்லை. ஆகவே அங்கே பயிற்சிதான் முதலீடாக இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் பாடத்தைக் குறிப்பெழுதிக் கொண்டதோடு நிற்கவில்லை. கோழிக் கூடு அமைப்பதும், தேனீப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அவர்கள் கையாலேயே நடக்க வேண்டும். காட்டும் எதுவும் ஏழைக் குடியானவன் தன் வீட்டில் செய்துகொள்ளக்கூடிய செலவில் இருக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. இந்த விதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். நம் பயிற்சி நாட்களில் பெரிய நிறுவனங்களின் கதையைச் சொல்கிறோம். கேட்கும் பையன் தன் கல்லாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முழிக்கிறான்.

தேன் விஷயத்தைப் பாருங்கள். மரப்பொந்தில் இருக்கும் கூட்டைக் கலைத்து, அடையோடு பிழிந்து எடுப்பதே பழைய வழக்கம். அதில் புழுவும் மகரந்தமும் கலந்துவிடும், கூடும் அழியும். பெட்டியில் சட்டம் வைத்து வளர்த்து, சுழலும் கருவியில் தேனை மட்டும் பிரித்தெடுத்தால் அடை முழுசாக நிற்கும். தேனீக்கள் அதையே மறுபடி நிரப்பும். இதைப் பேச்சால் நம்பவைக்க முடியாது. ஒருமுறை தன் கையால் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தவனுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. கொட்டும் வாங்கியிருப்பான், அது வேறு! விளைந்ததை விற்கக் கூட்டுறவு முறையும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சியின் பலன் கையில் காசாக வந்தபோது ஊக்கம் தானே வந்தது. இன்றும் மார்த்தாண்டம் என்றால் தேன் நினைவுக்கு வருவது இதனால்தான்.

இன்னொன்று, பயிற்சி முடிந்ததும் ஆளைக் கைவிடவில்லை. அவரவர் ஊரில் தாமே முயல வேண்டும். தடுமாறினால் அருகிருந்து சொல்ல விஷயம் தெரிந்தவர் இருப்பார். நம்மில் எத்தனை பேர் பயிற்சி நாளுக்கு மறுவாரம் ஊழியரிடம், "சொன்னதைச் செய்து பார்த்தாயா, எங்கே தடை?" என்று கேட்கிறோம்?

இதே முறை பெரிய அளவிலும் பலிக்கும் என்பதற்கு மதுரை சாட்சி. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுப்பது அங்கே வழக்கமாயிற்று. பார்வை அளப்பது, நோயாளியைத் தயார் செய்வது, ஆலோசனை சொல்வது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதில் அவர் தேர்ந்தவர். இதனால் மருத்துவர் அறுவையில் மட்டும் கவனம் வைக்க முடிகிறது. ஒரு நோயாளிக்கு முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். எந்தக் கிளையிலும் ஒரே தரம் என்பதில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை டாக்டர் வியந்தார் என்பது சுவையான செய்தி. 1992 முதல் பிற மருத்துவமனைகளின் ஊழியருக்கும் பயிற்சி தர அரவிந்த் தனி நிறுவனமே நடத்துகிறது.

நம் அளவுக்கு வருவோம். ஆறு பேர் வேலை செய்யும் கடையில் அரை நாள் போதும். பேச்சாளர் வேண்டாம். பொட்டலம் கட்டுவதில் கெட்டிக்காரர் மற்றவர்களுக்குக் காட்டட்டும், கணக்கில் தேர்ந்தவர் கணக்கைக் காட்டட்டும். முதலாளியும் ஒரு வேலையைக் கற்றுக்கொள்பவராக உட்காரட்டும். தமிழ்ப் பள்ளியிலும் அப்படியே: ஓர் ஆசிரியை உண்மையான பிள்ளைகளுக்கு 'ழ'கரம் சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். பிறகு அடுத்தவர். இரண்டு வாரம் கழித்து, அரை மணி நேரம், அதே ஆட்கள், அதே பாடம் பற்றிப் பேசலாம். பிரியாணியை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.