சரக்கின் பிறப்பிடமும் சிப்பத்தின் சீட்டும்

ஒரு சரக்கு எந்நாட்டில் உண்டாயிற்று என்பதைச் சிப்பத்தின் மேல் மெய்யாகக் குறித்தல் வணிக அறத்தின் முதற்படியாகும். 1887-ஆம் ஆண்டில் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டம், அயல்நாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கெனக் காட்டி விற்பதைத் தடுத்தது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்னும் குறிப்பு அதன் பின்னரே பெயர் பெற்றது.

பல நாடுகளில் கைமாறி உருப்பெறும் சரக்குக்குப் பிறந்த நாடு எது? உணவுப் பண்டமாயின், அதன் இயல்பை மாற்றும் பக்குவம் எந்நாட்டில் நடைபெறுகிறதோ அதுவே என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. துணியாயின், நூல் எங்கிருந்து வந்தாலும், நெய்த நாட்டையே அமெரிக்கச் சுங்க விதிகள் பொதுவாக ஏற்கின்றன.

இதனைக் குன்னூருக்குப் பொருத்திப் பார்ப்போம். பச்சை இலை வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து தூளாவது இயல்பு மாற்றம். அயல்நாட்டுத் தூளைக் கொணர்ந்து இங்கே பொட்டலம் கட்டுவது அத்தகையதன்று. பை மாறினும் தேயிலை மாறுவதில்லை. இறக்குமதித் தேயிலையை இந்தியத் தேயிலையென விற்கலாகாது என்றும், நீலகிரி ஆர்த்தடாக்ஸ் முதலிய புவிசார் குறியீடு பெற்ற தேயிலைகளுடன் கலக்கலாகாது என்றும் தேயிலை வாரியம் 2021 நவம்பரில் ஆணையிட்டது.

நாமும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அக்குறியீடு ஆர்த்தடாக்ஸ் முறையில் செய்த தேயிலைக்கே உரியது. சி.டி.சி. தூள் இம்மலையில் விளைந்ததேயாயினும் அக்குறியீட்டைத் தாங்குதல் முறையன்று.

பொய்ச்சீட்டு ஒட்டிய மலிவுத் தூள் சந்தையில் புகுந்தால், தூளின் விலையோடு சிறு விவசாயியின் பச்சை இலை விலையும் இறங்கும். ஆகவே அங்கத்தினர்கள் வாங்கும்போது சீட்டைப் படித்தறிக. விற்கும்போது மெய்யையே பொறித்திடுக.