கண்டிப்பு என்று நாங்கள் சொல்வது

"அவர் நல்ல மனிசன், வாய்தான் கொஞ்சம் கூட" என்று எங்கட ஆட்கள் சொல்வதுண்டு. அந்த வாய் வீட்டில் என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஜோசப் லுஃப்ட், ஹரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் மனிதரின் குணத்தை நாலு கட்ட யன்னலாக வரைந்து காட்டினார்கள். அதில் ஒரு கட்டம் மற்றவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

கொடுமை அதற்குள் இருப்பதற்குக் காரணம், நாங்கள் அதைக் கண்டிப்பு என்றோ பகிடி என்றோ சொல்லிப் பழகியதுதான். நீங்கள் வேலையால் வந்து கதவைத் திறக்கேக்கை பிள்ளையள் கதையை நிப்பாட்டுகினமா? உங்கள் பகிடிக்கு மனைவி சிரிக்கிறாவா, குசினிக்குள் போறாவா? "நீங்கள் நோகப் பேசுறியள்" என்று யாராவது சொன்னால் உடனே மறுக்காமல், "எப்ப, என்ன சொன்னனான்?" என்று கேளுங்கோ. அப்போது கோபித்தால் பிறகு ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கியூபெக்கின் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, பிள்ளையைத் தொடர்ந்து இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் அடங்கும். மொன்ட்ரியால்-நோர் பாடசாலை ஆசிரியருக்கு அப்படி நம்பக் காரணம் இருந்தால், டே.பே.ஜி.க்கு அறிவிப்பது அவருடைய சட்டக் கடமை. அறிவித்த உடனே பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற கதை சரியல்ல. முதலில் தகவலை ஆராய்வார்கள். பாடசாலை உங்களை அழைத்தால் உரைபெயர்ப்பாளர் கேளுங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க விடவேண்டாம்.

உங்களைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் வந்தால் 811ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். சமூக சேவையாளர் இரவிலும் பேசுவார். வீட்டில் பயந்து வாழ்பவர்களுக்கு எஸ்.ஓ.எஸ். வியோலான்ஸ் கோன்ஜூகால்: 1 800 363-9010, 24 மணி நேரமும், இலவசம்.