இலை சமையலறை, வேர் களஞ்சியம்



இடம்பெயர்ந்து வந்து இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் தேயிலை பராமரிக்கும் நாம், கவ்வாத்துக்குப் பின் சில செடிகள் பட்டுப்போவதைக் காண்கின்றோம். ஏன்?

இலையின் கலங்களுக்குள் பச்சையவுருமணிகள் உள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடிக்கின்றது. அச்சக்தியால் வேர் அனுப்பிய நீர் பிளந்து ஒட்சிசன் வெளியேறுகின்றது. இலைவாய் வழியே வந்த காபனீரொட்சைட்டு வெல்லமாகின்றது. இதுவே ஒளித்தொகுப்பு. மிஞ்சும் வெல்லம் வேரில் மாப்பொருளாகச் சேமிக்கப்படுகின்றது.

கவ்வாத்தில் இலைகள் போய்விடும். புதுத்தளிர் வரும்வரை செடி வேரின் சேமிப்பிலேயே வாழும். சப்ரகமுவத் தாழ்நிலத்தில் வெப்பம் அதிகம்; சுவாசத்தில் வெல்லம் விரைவாகச் செலவாகும். ஆகவே சேமிப்பு மலைநாட்டைவிடக் குறைவு.

எனவே நாம் செய்யவேண்டியவை:

1. கவ்வாத்துக்கு முன் சில வாரங்கள் கொழுந்து பறிக்காது ஓய்வு கொடுப்போம்.

2. பென்சில் பருமனான வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் துளி விடுவோம். கருநீலமானால் மாப்பொருள் உண்டு; இல்லையேல் பொறுத்திருப்போம்.

3. செடிக்கு ஓரிரு கிளைகளை இலையோடு விடுவோம். தளிர் வந்தபின் அவற்றை வெட்டலாம்.

ஐயமிருப்பின், இரத்தினபுரியிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையில் விசாரிப்போம். களஞ்சியம் வெறுமையாயிருக்க அடுப்பை அணைக்கலாமா?